துயிலெழும் கணினிகள்

நுழையும்முன்

மன்னன் துயில்கொள்வதைக் குறித்துப் பாடுவது கண்படை நிலை. துயில்பவனைச் சூதர் ஏத்தி எழுப்புவது துயிலெடை நிலை. இவ்விரண்டையும் தொல்காப்பியம் பாடாண்திணையின் துறைகளாகக் கூறுகிறது. உறங்குவதற்கும் எழுவதற்கும் தனித்தனித் துறை வகுத்தது தமிழ். இன்று கணினிகளும் உறங்குகின்றன. தொலைவிலிருந்து அழைத்தால் எழுகின்றன. எவரும் அழைக்காமலே குறித்த நேரத்தில் தாமாகவும் எழுகின்றன. உறங்கும் பொறி ஒன்றின் செவியில் அழைப்பு விழுவது எவ்வாறு? எழுப்பும் உரிமை யாருக்கு உரியது? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை தருகிறது.

நாற்பது கணினிகளும் ஓர் இரவும்

ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் நாற்பது கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். அவை அனைத்தும் ஒரே வலையமைப்பில் இணைக்கப்பட்டுள்ளன. பகலில் மாணவர்கள் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். மென்பொருள்களைப் புதுப்பித்தல், கோப்புகளுக்குப் படியெடுத்து வைத்தல், தீநிரல்களைத் தேடி அகற்றுதல் ஆகிய பணிகளைப் பகலில் செய்தால் பாடம் தடைப்படும். எனவே அவற்றை இரவில் செய்வதே முறை. இரவில் அப்பணிகளைச் செய்யக் கணினிகள் இயங்கவேண்டும். அவற்றை இயக்க ஒருவர் அங்கு இருக்கவேண்டும். இதற்கு எளிய வழியாகத் தோன்றுவது, கணினிகளை அணைக்காமலே விட்டுவிடுவதுதான்.

அதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வேலையின்றி இயங்கும் ஒரு கணினி 50 வாட் மின்திறனை எடுத்துக்கொள்கிறது எனில், நாற்பது கணினிகளும் மாலை 5 மணி முதல் மறுநாள் காலை 7 மணி வரையிலான 14 மணி நேரத்தில் 28 அலகு மின்சாரத்தைச் செலவிடும். அதே கணினிகள் தலைக்கு ஒரு வாட் அளவில் உறங்கினால், அவ்விரவின் செலவு 0.56 அலகு மட்டுமே. ஐம்பதில் ஒரு பங்காகச் செலவு குறைந்துவிடுகிறது. ஆனால், உறங்கும் கணினி பணி செய்யாது. சிக்கனமும் வேண்டும், வேண்டியபோது பணியும் நடைபெறவேண்டும் என்னும் இரு தேவைகளுக்கும் இடையே பிறந்ததே கணினியைத் தொலைவிலிருந்து துயிலெழுப்பும் நுட்பம்.

அணைந்ததும் அணையாததும்

தொடக்கக் காலத் தனியாள் கணினிகளின் மின்விசை, வீட்டு விளக்கின் விசையைப் போன்றது. அதனை அழுத்தினால் மின்னோட்டம் முற்றாக அறுபடும். அவ்வாறு அணைந்த கணினியை எழுப்ப, மனிதக் கை ஒன்று அதே விசையை மீண்டும் அழுத்தவேண்டும். வேறு வழி இல்லை.

1995ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்னும் கட்டமைப்பு இந்நிலையை மாற்றியது. இவ்வகைக் கணினியின் முகப்பிலுள்ள பொத்தான் மின்னோட்டத்தை நேரடியாக அறுப்பதில்லை. அது தாய்ப்பலகைக்கு ஒரு குறிப்பை அனுப்புகிறது; தாய்ப்பலகை மின்வழங்கிக்கு ஆணையிடுகிறது. அந்த ஆணையைக் கேட்பதற்காகவே, கணினி அணைந்திருக்கும்போதும் மின்வழங்கியிலிருந்து 5 வோல்ட் அழுத்தத்தில் சிறிதளவு மின்சாரம் தாய்ப்பலகைக்கு ஓயாமல் சென்றுகொண்டிருக்கிறது. இதனைக் காத்திருப்பு மின்சாரம் எனலாம்.

அணைக்கப்பட்ட மேசைக் கணினியின் பின்புறத்தில், வலையமைப்புக் கம்பி செருகப்பட்ட இடத்தில், ஒரு சிறு விளக்கு ஒளிர்ந்துகொண்டிருப்பதைப் பலர் கண்டிருப்பர். அது பழுதன்று. கணினியின் பிற உறுப்புகள் உறங்கினாலும் வலையமைப்பு அட்டை உறங்காமல் செவிசாய்த்திருக்கிறது என்பதற்கு அவ்விளக்கே சான்று. ஊர் உறங்கும்போது காவலர் ஒருவர் மட்டும் விழித்திருப்பதைப் போன்றது இது. கணினியைத் துயிலெழுப்பும் நுட்பம் முழுவதும் இந்தத் துயிலாக் காவலை அடிப்படையாகக் கொண்டது.

உறக்கத்தின் படிநிலைகள்

எல்லா உறக்கமும் ஒரே தன்மையது அன்று. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் இணைந்து 1996ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. என்னும் மின்மேலாண்மை நெறிமுறை, கணினியின் உறக்கத்தைப் படிநிலைகளாக வகுத்தது. அவற்றுள் மூன்று, பயனர்கள் நாள்தோறும் காண்பவை.

முதலாவது, திரையில் ‘ஸ்லீப்’ எனக் காட்டப்படும் சிறுதுயில். இதில் செயலி, திரை, வட்டு ஆகியன ஓய்வு பெறும். நினைவகம் மட்டும் மின்சாரத்தால் உயிர்ப்புடன் வைக்கப்படும். எனவே, எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து சில நொடிகளில் பணியைத் தொடரலாம். இரண்டாவது, ‘ஹைபர்னேட்’ எனப்படும் நெடுந்துயில். நினைவகத்தில் உள்ளவை வட்டில் எழுதப்பட்டபின் நினைவகமும் அணைக்கப்படும். எழுவதற்குச் சற்று நேரம் ஆகும். ஆயினும், இடையில் மின்சாரம் தடைப்பட்டாலும் பணி அழியாது. மூன்றாவது, ‘ஷட் டவுன்’ எனப்படும் நிறுத்தம். இதில் எதுவும் சேமித்து வைக்கப்படுவதில்லை. எழும் கணினி புதிதாகத் தொடங்கும்.

இம்மூன்று நிலைகளிலும் காத்திருப்பு மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். சுவரிலுள்ள மின்விசையை அணைத்தாலோ, மின்கம்பியைப் பிடுங்கினாலோதான் கணினி முற்றிலும் அணைந்ததாகப் பொருள். அந்நிலையில் காவலும் உறங்கிவிடும். எந்த அழைப்பும் அக்கணினியை எழுப்பாது.

பெயர் சொல்லி அழைத்தல்

வலையமைப்பின் வழியே கணினியை எழுப்பும் நுட்பத்திற்கு ‘வேக் ஆன் லேன்’ என்பது பெயர். இதற்கு அடிப்படையான ‘மேஜிக் பாக்கெட்’ என்னும் கருத்தை ஏ.எம்.டி., ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனங்கள் இணைந்து உருவாக்கின. அதனை விளக்கும் வெள்ளையறிக்கையை ஏ.எம்.டி. 1995இல் வெளியிட்டது. 1996ஆம் ஆண்டு இன்டெலும் ஐ.பி.எம்.மும் அமைத்த கூட்டணி, 1997இல் இந்நுட்பத்தை ‘வேக் ஆன் லேன்’ என்னும் பெயரில் அறிமுகப்படுத்தியது.

வலையமைப்பு அட்டை ஒவ்வொன்றுக்கும் மேக் முகவரி எனப்படும் 48 பிட் நீளமுள்ள அடையாள எண் உண்டு. அது ஆறு பைட்டுகளைக் கொண்டது. முதல் மூன்று பைட்டுகள் தயாரிப்பு நிறுவனத்தைக் குறிக்கும், இவற்றை ஐ.இ.இ.இ. என்னும் பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பு ஒதுக்கித் தருகிறது. எஞ்சிய மூன்று பைட்டுகளை அந்நிறுவனம் தன் ஒவ்வோர் அட்டைக்கும் வெவ்வேறாக வழங்கும். 48 பிட்டுகளைக் கொண்டு 281 இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளை அமைக்கலாம்.

எழுப்பும் செய்தியின் அமைப்பு மிக எளியது. முதலில் 255 என்னும் மதிப்புடைய பைட்டு ஆறு முறை வரும். 255 என்பதை இரும எண்ணில் எழுதினால் எட்டு இலக்கமும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே செய்தியின் தொடக்கத்தில் 48 ஒன்றுகள் இடைவிடாமல் வரும். ‘கவனி, அழைப்பு வருகிறது’ என்பதற்கான அறிகுறி இது. அதனைத் தொடர்ந்து, எழவேண்டிய கணினியின் மேக் முகவரி பதினாறு முறை வரும். எடுத்துக்காட்டாக, 02-00-10-20-30-40 என்னும் முகவரியுடைய கணினியை எழுப்ப, இந்த ஆறு பைட்டுகளையும் பதினாறு முறை அடுக்கி அனுப்பவேண்டும். தொடக்கத்திலுள்ள 6 பைட்டுகளும் முகவரிக்கான 96 பைட்டுகளும் சேர்ந்து, செய்தியின் மொத்த அளவு 102 பைட்டுகள் ஆகும்.

ஒரே முகவரியைப் பதினாறு முறை கூறுவது ஏன் என்னும் ஐயம் எழலாம். உறங்கும் கணினியில் செயலி இயங்குவதில்லை. வந்த செய்தியின் பொருளை ஆராய்ந்தறிய அங்கு எவருமில்லை. விழித்திருக்கும் அட்டைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தன்னைக் கடந்து செல்லும் தரவுகளில் இந்தக் கோலம் தென்படுகிறதா எனப் பார்ப்பது. வலையமைப்பில் இரவும் பகலும் எண்ணற்ற தரவுகள் பாய்கின்றன. அவற்றுள் ஒன்றில் தற்செயலாக அம்முகவரி ஓரிரு முறை இடம்பெறலாம். அதற்காகக் கணினி எழுந்துவிடலாகாது. நாற்பத்தெட்டு ஒன்றுகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரே முகவரி பதினாறு முறையும் தற்செயலாக அமைவது ஏறத்தாழ நிகழவே இயலாதது. அறிவு குறைந்த காவலுக்கும் தவறாமல் புரியும் வகையில் அழைப்பு அமைக்கப்பட்டிருக்கிறது.

கோலம் பொருந்தியதும் அட்டை தாய்ப்பலகைக்கு ஒரு மின்குறிப்பை அனுப்பும். தாய்ப்பலகை மின்வழங்கியை முழுமையாக இயங்கச் செய்யும். அதன்பின் நடப்பது, ஒருவர் நேரில் வந்து பொத்தானை அழுத்தினால் நடப்பதே ஆகும்.

தெரியுமா?

மின்கருவிகளின் காத்திருப்பு மின்செலவை ஒரு வாட்டுக்குள் கட்டுப்படுத்தவேண்டும் என்னும் கருத்தைப் பன்னாட்டு எரிசக்தி முகமை 1999இல் முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு, அலுவலக மின்கருவிகளுக்கான விதியை 2008இல் இயற்றியது. அதன்படி, அணைந்த நிலையில் கருவி செலவிடும் மின்திறனின் உச்சவரம்பு 2010இல் ஒரு வாட்டாகவும், 2013இல் அரை வாட்டாகவும் குறைக்கப்பட்டது.

அழைப்பு எட்டாத இடங்கள்

எளிய நுட்பமாயினும் இதற்கு எல்லைகள் உண்டு. உறங்கும் கணினி தன் இணைய முகவரியை எவருக்கும் அறிவிப்பதில்லை. சிறிது நேரத்தில் வலையமைப்பின் பிற கருவிகள் அதனை மறந்துவிடும். ஆகவே எழுப்பும் செய்தியைக் குறிப்பிட்ட ஒரு கணினிக்கென அனுப்பாமல், அந்த வலையமைப்பில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் பொது அறிவிப்பாக அனுப்புவதே வழக்கம். தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூவுவதற்கு இதனை ஒப்பிடலாம். கூவல் எல்லா வீடுகளிலும் கேட்கும். பெயருக்குரியவர் மட்டுமே எழுவார்.

ஆனால் அக்கூவல் தெருமுனையைத் தாண்டாது. ஒரு வலையமைப்பை மற்றொன்றுடன் இணைக்கும் ரவுட்டர் எனப்படும் திசைவிகள், பொது அறிவிப்புகளை அப்பால் செல்ல விடுவதில்லை. ஒரே அறிவிப்பால் ஒரு வலையமைப்பு முழுவதையும் மறுமொழி கூறவைத்து, அம்மறுமொழிகளின் வெள்ளத்தால் வேறொரு கணினியை முடக்கும் தாக்குதல்கள் 1990களின் இறுதியில் நிகழ்ந்தன. அதன் விளைவாக, வெளியிலிருந்து வரும் இத்தகைய அறிவிப்புகளைத் திசைவிகள் இயல்பாகவே தடுக்கவேண்டும் என்னும் நெறி 1999இல் வகுக்கப்பட்டது. எனவே வெளியூரிலிருந்து ஒரு கணினியை எழுப்ப விரும்புவோர், அதே வலையமைப்பில் எப்போதும் விழித்திருக்கும் சிறு கணினி ஒன்றையோ திசைவியையோ துணையாகக் கொள்வர். வெளியிலிருந்து பாதுகாப்பான வழியில் அத்துணைக் கருவிக்கு ஆணையிட்டால், அது உள்ளே நின்று கூவும்.

வேறு தடைகளும் உண்டு. தாய்ப்பலகையின் அமைப்புகளிலும் இயக்க முறைமையின் அமைப்புகளிலும் இவ்வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்கவேண்டும். விண்டோஸில் விரைவுத் தொடக்க வசதி இயங்கும் கணினிகள், நிறுத்தப்பட்டபின் அழைப்பை ஏற்காமல் போகலாம். மின்தடை ஏற்பட்டு மீண்டபின், ஒருமுறை நேரில் இயக்கினாலன்றிச் சில கணினிகளின் அட்டை மறுபடியும் செவிசாய்ப்பதில்லை. பணி முடிந்ததும் ஆய்வகத்தின் முதன்மை மின்விசையையே அணைத்துவிடும் வழக்கமுள்ள இடங்களில் இந்நுட்பம் பயன்படாது. அழைப்பவர் எத்துணைத் திறனுடையவராயினும், கேட்பதற்கு ஒரு செவி விழித்திருந்தால்தான் அழைப்புக்குப் பயன் உண்டு.

குறித்த நேரத்தில் எழுதல்

அழைப்பு எட்டாத இடத்தில் வேறொரு வழி உண்டு. எவரும் அழைக்கவேண்டாம், உறங்குவதற்கு முன்பே எழவேண்டிய நேரத்தைக் குறித்துவைத்தால் போதும். நாழிகை வட்டிலில் நீர் சொட்டும் அளவைக் கொண்டு இரவுப் பொழுதைக் கணக்கிட்ட நாழிகைக் கணக்கர் பண்டைய அரண்மனைகளிலும் பாசறைகளிலும் இருந்தனர். கணினிக்குள்ளும் அத்தகைய நாழிகைக் கணக்கர் ஒருவர் உண்டு. அவரே நிகழ்நேரக் கடிகாரச் சில்லு.

தாய்ப்பலகையில் நாணயம் போன்ற வட்டமான மின்கலம் ஒன்று காணப்படும். பெரும்பாலும் அது 20 மில்லிமீட்டர் விட்டமும் 3 வோல்ட் அழுத்தமும் உடையதாக இருக்கும். மின்கம்பியைப் பிடுங்கினாலும் கடிகாரம் நிற்காமல் ஓடுவது இம்மின்கலத்தால்தான். கடிகாரத்தின் துடிப்பைத் தருவது ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம். அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இவ்வெண்ணைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் கிடைப்பது 32,768. ஆகவே, அதிர்வின் எண்ணிக்கையைப் பாதியாக்கும் எளிய மின்சுற்றுகள் பதினைந்தை அடுத்தடுத்து இணைத்தால், இறுதியில் நொடிக்கு ஒரு துடிப்பு மட்டும் எஞ்சும். அத்துடிப்புகளை எண்ணிக் கடிகாரம் நேரத்தைக் கணக்கிடுகிறது.

1984ஆம் ஆண்டு ஐ.பி.எம். வெளியிட்ட ஏ.டி. வகைக் கணினியிலேயே இத்தகைய கடிகாரச் சில்லு இடம்பெற்றது. மோட்டோரோலா நிறுவனம் உருவாக்கிய அச்சில்லில் எழுப்புமணி வசதியும் இருந்தது. ஆயினும் அம்மணிக்கு மணி, நிமிடம், நொடி ஆகிய மூன்றை மட்டுமே குறிக்க இயலும். நாளைக் குறிக்க இயலாது. மேலும், அக்கணினியை அணைத்தபின் மணி அடித்தும் பயனில்லை. எழுந்திருக்க அங்கே மின்சாரம் இல்லை. காத்திருப்பு மின்சாரம் வந்தபின்னரே எழுப்புமணி, உறங்கும் கணினியை உண்மையில் எழுப்பத் தொடங்கியது. இன்று விண்டோஸின் பணி அட்டவணையில், குறித்த பணிக்காகக் கணினியை எழுப்பும் தெரிவு உள்ளது. லினக்ஸில் ‘ஆர்டிசிவேக்’ என்னும் ஆணை இதே பணியைச் செய்கிறது.

நேரம் குறிப்பவர் இரண்டு செய்திகளில் கவனமாக இருத்தல் வேண்டும். முதலாவது, படிகத்தின் பிழை. பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழையுடைய படிகம், ஒரு நாளில் ஏறத்தாழ 1.7 நொடியும், ஒரு திங்களில் ஏறத்தாழ 52 நொடியும் விலகும். வலையமைப்பில் உள்ள நேர வழங்கிகளுடன் கணினி தன் கடிகாரத்தை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வது இதனாலேயே. இரண்டாவது, எந்த நேரம் என்னும் வினா. விண்டோஸ் இயல்பாக உள்ளூர் நேரத்தைக் கடிகாரச் சில்லில் எழுதுகிறது. லினக்ஸ் பெரும்பாலும் உலகப் பொதுநேரத்தை எழுதுகிறது. இந்திய நேரம் அதனைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. பொதுநேரத்தில் ஓடும் கடிகாரச் சில்லில் காலை 6 மணி என நேரடியாகக் குறித்தால், கணினி எழுவது இந்திய நேரப்படி முற்பகல் 11.30 மணிக்கே ஆகும்.

விண்வெளியில் ஒரு துயிலெடை

அழைத்து எழுப்புதல், குறித்த நேரத்தில் எழுதல் ஆகிய இருவழிகளின் இயல்பையும் விண்வெளி வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ரொசெட்டா விண்கலம், ஒரு வால்விண்மீனைத் தேடி 2004ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் புறப்பட்டது. அதற்கு மின்சாரம் தந்தவை சூரியத் தகடுகள் மட்டுமே. பயணத்தின் ஒரு பகுதியில் அது சூரியனிலிருந்து ஏறத்தாழ 80 கோடி கிலோமீட்டர் தொலைவு வரை செல்லவேண்டியிருந்தது. அங்கு விழும் மங்கிய ஒளி எல்லாக் கருவிகளையும் இயக்கப் போதாது. எனவே, 2011ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் விண்கலம் நெடுந்துயிலில் ஆழ்த்தப்பட்டது. கணினியும் சில வெப்பமூட்டிகளும் தவிர ஏறத்தாழ எல்லாம் அணைக்கப்பட்டன. புவியின் அழைப்பைக் கேட்கும் வானொலிக் கருவியும் அணைக்கப்பட்டது. அதன்பின் அதனை எழுப்ப எந்த ஆணையும் பயன்படாது. அதனுள் ஓடிய கடிகாரம் ஒன்றே நம்பிக்கை.

மணி குறிக்கப்பட்டிருந்த நாள் 2014ஆம் ஆண்டு ஜனவரி 20. நேரம் உலகப் பொதுநேரப்படி காலை 10 மணி. முப்பத்தொரு திங்கள்கள் கழிந்து அந்நாள் வந்தது. எழுந்ததும் விண்கலம் தன் வழிகாட்டும் கருவிகளைச் சூடேற்றி, தன் சுழற்சியை நிறுத்தி, விண்மீன்களைக் கொண்டு திசையறிந்து, புவியை நோக்கித் தன் அலைவாங்கியைத் திருப்பவேண்டும். இவற்றுக்குச் சில மணி நேரம் ஆகும். அதன்பின் அது அனுப்பும் குறிகை புவியை அடைய ஏறத்தாழ 45 நிமிடங்கள் ஆகும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள கட்டுப்பாட்டு மையத்தில் அறிவியலாளர்கள் திரையை நோக்கிக் காத்திருந்தனர். மாலை 6.18 மணிக்குத் திரையில் குறிகை ஒரு சிறு முகடாக எழுந்தது. ரொசெட்டா விழித்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அது தன் வால்விண்மீனை அடைந்தது.

இந்தியாவின் சந்திரயான்-3 மற்றொரு வழியைக் காட்டியது. விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேலைத் திட்ட இயக்குநராகக் கொண்ட அத்திட்டத்தின் விக்ரம் தரையிறங்கி, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கியது. அதுவும் பிரக்யான் உலாவியும் நிலவின் ஒரு பகற்பொழுது, அதாவது புவியின் ஏறத்தாழ 14 நாள்கள் இயங்குவதற்கே வடிவமைக்கப்பட்டிருந்தன. பணி முடிந்து நிலவில் இரவு நெருங்கியபோது, செப்டம்பர் 2ஆம் நாள் பிரக்யானும் 4ஆம் நாள் விக்ரமும் உறக்கத்தில் ஆழ்த்தப்பட்டன. அவற்றின் அலையேற்பிகள் மட்டும் அணைக்கப்படவில்லை. அடுத்த விடியலில் அழைத்தால் கேட்கட்டும் என விழித்த நிலையிலேயே விடப்பட்டன. செப்டம்பர் 22ஆம் நாள் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அவற்றை அழைத்தது. மறுமொழி வரவில்லை. நிலவின் நீண்ட இரவுக் கடுங்குளிரைக் கடந்து மீள்வதற்கென அவை படைக்கப்பட்டவை அல்ல. தம் பணியை முழுமையாக முடித்தபின்னரே அவை உறங்கின. ஆதலால் அது தோல்வி அன்று. செவி விழித்திருக்கவேண்டுமாயின் அதற்கு மின்சாரமும் தாங்கத்தக்க வெப்பமும் வேண்டும் என்னும் உண்மையை அம்மௌனம் உணர்த்துகிறது.

யார் எழுப்பலாம்?

எழுப்பும் செய்தியின் எளிமையே அதன் குறையும் ஆகும். அதில் அனுப்பியவரின் பெயர் இல்லை. அவருக்கு உரிமை உண்டா என்னும் சோதனையும் இல்லை. முகவரியை அறிந்த எவர் கூவினாலும் கணினி எழும். சில அட்டைகளில் கடவுச்சொல் சேர்க்கும் வசதி உண்டு. ஆயினும், அக்கடவுச்சொல் மறைக்கப்படாமலே செல்வதால், வலையமைப்பில் ஒற்றுக்கேட்பவர் அதனை அறிந்துகொள்ள இயலும்.

இக்குறையைக் குற்றவாளிகள் பயன்படுத்தியதற்குச் சான்று உண்டு. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயத்தொகை கேட்கும் ‘ரியூக்’ என்னும் தீநிரல் 2018இல் வெளிப்பட்டது. அதன் பிந்தைய வடிவங்கள், தாம் புகுந்த கணினியின் பட்டியலிலிருந்து அண்டைக் கணினிகளின் முகவரிகளைத் திரட்டி, எழுப்பும் செய்தியை அனுப்பி அவற்றை எழச்செய்தன. எழுந்த கணினிகளின் கோப்புகளையும் பூட்டின. அணைந்திருப்பதால் தீங்கில்லை என எண்ணப்பட்ட கணினிகளையும் அவ்வழைப்பு எழுப்பியது. நிருவாகியின் குரலையும் திருடனின் குரலையும் வேறுபடுத்தி அறியக் காவலுக்குக் கற்பிக்கப்படவில்லை.

இதனால் இந்நுட்பத்தைக் கைவிடவேண்டும் என்பதில்லை. தேவையான கணினிகளில் மட்டும் இவ்வசதியை இயக்குதல், நிருவாகப் பணிக்குரிய வலையமைப்பைத் தனியே பிரித்தல், வெளியிலிருந்து நுழைவோரை மறைகுறியாக்கப்பட்ட வழியில் அடையாளம் கண்டபின்னரே அனுமதித்தல், எந்தக் கணினி எப்போது எழுந்தது என்பதைப் பதிவுசெய்து பார்த்தல், கோப்புகளின் படியொன்றை வலையமைப்பில் இணையாத இடத்தில் வைத்தல் ஆகிய முறைகள் தீங்கைப் பெரிதும் குறைக்கும். எழுந்த கணினி தன் பணியை முடித்ததும் மீண்டும் உறங்குமாறு அமைத்தலும் வேண்டும். இல்லையெனில் சேமித்த மின்சாரம் வீணாகும்.

நிறைவாக

பொறிகளை எப்போதும் விழித்திருக்கச் செய்வதைவிட, அவற்றை முறையாக உறங்கவைத்து முறையாக எழுப்புவதே அரிய கலை. அரை வாட் மின்சாரமும், அதிரும் ஒரு படிகமும், 102 பைட்டுகளும் போதும். நாற்பது கணினிகள் இரவெல்லாம் வீணே எரியவேண்டியதில்லை. ஆனால், அதற்கு உறங்காத ஒரு காவல் வேண்டும். அக்காவலுக்கு எவரெவர் அழைக்கலாம் என வரையறுக்கும் பொறுப்பு மனிதருடையது. துயிலாக் காவலைப் படைத்தவர்கள், அதனைக் காக்கவும் கடமைப்பட்டவர்கள்.

கலைச்சொல் அறிவோம்

வலையமைப்பு அட்டை – நெட்வொர்க் கார்டு
தாய்ப்பலகை – மதர்போர்டு
மின்வழங்கி – பவர் சப்ளை
திசைவி – ரவுட்டர்
நிகழ்நேரக் கடிகாரம் – ரியல் டைம் கிளாக்
கடவுச்சொல் – பாஸ்வேர்டு
இயக்க முறைமை – ஆப்பரேட்டிங் சிஸ்டம்

கற்பவை கற்றபின்...

1. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் அணைக்கப்பட்ட கணினிகளின் வலையமைப்பு விளக்குகளை உற்றுநோக்கி, எவை ஒளிர்கின்றன, எவை ஒளிரவில்லை எனப் பட்டியலிட்டுக் காரணம் கூறுக.
2. ‘இரவில் கணினிகளை முற்றிலும் அணைப்பதே நன்று’ – ‘உறங்கவைத்து எழுப்புவதே நன்று’ என்னும் தலைப்புகளில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. துயிலெழுப்பும் செய்தியில் மேக் முகவரி இடம்பெறும் எண்ணிக்கை
அ) 6 ஆ) 16 இ) 48 ஈ) 102

2. நெடுந்துயிலில் ரொசெட்டா விண்கலத்தை எழுப்பியது
அ) புவியிலிருந்து சென்ற ஆணை ஆ) அதன் அலையேற்பி இ) அதனுள் இருந்த கடிகாரம் ஈ) சூரிய ஒளி

குறுவினா

1. காத்திருப்பு மின்சாரம் என்பது யாது?
2. குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வெண் 32,768 ஆக அமைந்ததன் காரணம் என்ன?

சிறுவினா

1. சிறுதுயில், நெடுந்துயில், நிறுத்தம் ஆகியவற்றை வேறுபடுத்துக.
2. எழுப்பும் செய்தி ஒரு வலையமைப்பைத் தாண்டிச் செல்லாமை ஏன்? அதனை எதிர்கொள்ளும் வழி யாது?

நெடுவினா

‘துயிலாக் காவல் தேவை; அக்காவலுக்கும் காவல் தேவை’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளுடன் நிறுவுக.

மொழியை ஆள்வோம்

இலக்கணக் குறிப்புத் தருக: துயிலாக் காவல், நெடுந்துயில், எழுந்த கணினி, இரவும் பகலும்.